ஒரு கப் சீஸ் எத்தனை கிராம்?

செய்முறையில் "கிரீம் சீஸ் 2 கப்" என்று இருக்கிறது. கடையில் எடுத்த டப்பாவின் மேல் 200 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. எத்தனை டப்பா வாங்குவது? விடை தேடினால் ஒரு கப் கிரீம் சீஸ் 225 கிராம் என்கிறது ஒரு நூல். 227 என்கிறது இன்னொன்று. 232, 240, 245 என்றும் எண்கள் வரும். ரிக்கோட்டாவுக்குப் போனால் 227-இல் தொடங்கி 248 வரை போகிறது. உதிர்த்த ஃபெட்டா என்றால் 113 என்று ஒரு பட்டியலும் 150 என்று மற்றொரு பட்டியலும் அடித்துச் சொல்கின்றன.

வேடிக்கை என்னவென்றால் இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கப்பில், ஏதோ ஒரு சீஸை, ஏதோ ஒரு விதமாக நிரப்பி எடுத்தது. அந்த மூன்றையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதால்தான் இத்தனை குழப்பம். மென்மையான சீஸ்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வழவழப்பானவற்றுக்குக் கிட்டத்தட்ட ஓர் எண் உண்டு. கட்டிகட்டியாக, நீர் கோத்து இருப்பவற்றுக்கு அது டப்பாவின் மேலேயே இருக்கிறது. உதிர்த்துப் போடுபவற்றுக்கு அப்படி ஓர் எண்ணைத் தேடுவதே வீண் வேலை. இதுதான் என் கட்சி.

முதலில் கப்பைப் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கப் 236.6 மில்லி. இப்படி ஓர் அரைகுறை எண் எங்கிருந்து வந்தது என்றால், 231 கன அங்குலம் பிடிக்கும் பழைய ஆங்கிலேய ஒயின் கேலனிலிருந்து. இங்கிலாந்து 1824-இல் அதைக் கைவிட்டுப் பெரிய இம்பீரியல் கேலனுக்குப் போய்விட்டது. அமெரிக்கா பழையதை விடவில்லை. அந்தக் கேலனில் பதினாறில் ஒரு பங்குதான் கப். சமையலறையில் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று அமெரிக்கப் பெண்களுக்கு ஆணியடித்தாற்போல் சொன்னவர் ஃபேனி ஃபார்மர். பாஸ்டன் சமையல் பள்ளியின் பெயரில் அவர் 1896-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, தராசு இல்லாத சமையல் அந்த நாட்டின் பழக்கமாகவே ஆகிவிட்டது. மாவும் சர்க்கரையும் கப்புக்குள் போனபோது சீஸும் கூடவே போனது.

ஆனால் கப் என்ற பெயரில் உலகம் முழுக்க ஒரே பாத்திரம் இல்லை. அமெரிக்காவிலேயே உணவுச் சிட்டையில் சத்து விவரம் அச்சிடும்போது கப் 240 மில்லி என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாட்டுச் சமையல் நூல்களில் 250. ஜப்பானில் 200. அரிசிக் குக்கரோடு கொடுக்கும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180. நம் ஊர்க் கடைகளில் விற்கும் அளவுக் கப் செட்டில் பெரிய கப்பின் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். சிலதில் 240, சிலதில் 250 என்று இருக்கும். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா எழுதி அனுப்பிய சீஸ்கேக்கை டொரன்டோவில் இருக்கும் தங்கை தன் கப்பில் அளந்தால் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாகப் போகும். மெல்போர்னில் இருக்கும் அத்தைக்கு இன்னொரு சிக்கல்: ஆஸ்திரேலியாவின் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் 15. மூன்று டேபிள்ஸ்பூன் கிரீம் சீஸ் அங்கே நான்காகிவிடும்.

அவுன்ஸ் இதைவிட மோசம். அமெரிக்கச் செய்முறையில் "8 அவுன்ஸ் கிரீம் சீஸ்" என்றால் எடை, 227 கிராம். ஒரு கப் என்பது 8 திரவ அவுன்ஸ், அது கொள்ளளவு. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால், அளவுக் கண்ணாடிக் கோப்பையில் 8 அவுன்ஸ் கோடு வரை எதை நிரப்பினாலும் 8 அவுன்ஸ் எடை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த நாட்டிலேயே நிறையப் பேர் உண்டு. கிரீம் சீஸில் இந்தத் தவறு தற்செயலாகத் தப்பித்துக்கொள்கிறது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தி. உதிர்த்த ஃபெட்டாவில் தப்பாது. நல்லவேளையாக அமெரிக்கச் சட்டப்படி திடமான, அரைத் திடமான, கெட்டியான உணவுகளை எடை போட்டுத்தான் விற்க வேண்டும்; திரவத்துக்குத்தான் திரவ அவுன்ஸ். ஆகவே சீஸ் டப்பாவின் மேல் அவுன்ஸ் என்று பார்த்தால் அது எடைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தலைவலி நமக்குப் புதிதும் இல்லை. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று கொள்ளளவிலேயே வாழ்ந்த சமையல் நம்முடையது. படியின் அளவு ஊருக்கு ஊர் வேறு. 1951-இல் வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஆழாக்குக் கணக்கில் பேசிய நூல். 1956-ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டத்துக்குப் பிறகு கிலோவும் லிட்டரும் வந்தபோது, ஆழாக்கு அரிசி இத்தனை கிராம், ஆழாக்கு உளுந்து இத்தனை கிராம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே எண்ணை யாரும் போடவில்லை. சீஸ் என்று வந்தால் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே எண் கேட்கிறோம்.

சரி, கிரீம் சீஸுக்கு வருவோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு விவரப் பட்டியல் ஒரு கப் கிரீம் சீஸுக்கு 232 கிராம் என்கிறது. ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 14.5 கிராம். இந்த எண் நியாயமானதுதானா என்று தாளில் கணக்குப் போட்டே பார்க்கலாம். நூறு கிராம் கிரீம் சீஸில் சுமார் 53 கிராம் தண்ணீர், 34 கிராம் கொழுப்பு, 6 கிராம் புரதம், மீதி 7 கிராம் பால் சர்க்கரையும் உப்புகளும். தண்ணீர் 53 மில்லி இடம் பிடிக்கும். பால் கொழுப்பு தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி 0.92 கிராம்தான், எனவே 34 கிராம் கொழுப்பு 37 மில்லி ஆகிறது. புரதம் கனம், 6 கிராம் நாலரை மில்லிக்குள் அடங்கிவிடும். மீதி 7 கிராமுக்கும் ஏறத்தாழ அதே இடம். கூட்டினால் 99 மில்லி. அதாவது நூறு கிராம் கிரீம் சீஸ், துளி காற்று இல்லாமல் இருந்தால், 99 மில்லி. அமெரிக்கக் கப்பில் அது 239 கிராம் பிடிக்க வேண்டும். பட்டியலில் இருப்பது 232. குறைகிற 7 கிராம் பெரும்பாலும் கரண்டியால் அள்ளிப் போடும்போது இடையில் அகப்படும் காற்றுதான் என்பது என் கணிப்பு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கட்டியாக அமுக்கினால் ஓரங்களில் பொத்தல் விழும். அறைச் சூட்டுக்கு வந்தபின் நிரப்பினால் பொத்தல் குறையும். அதே சீஸ், அதே கப், எடுத்த நேரம் மட்டும் வேறு, எடை வேறு.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, கொழுப்பு லேசாக இழுக்கிறது, புரதம் கனமாக இழுக்கிறது, பாதிக்கு மேல் இருக்கும் தண்ணீர் நடுவில் நிற்கிறது. அதனால்தான் வழவழப்பான சீஸ் எதுவாக இருந்தாலும் ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்பதைவிட்டு அதிகம் விலகுவதில்லை. கொழுப்பு மிகுந்த மஸ்கார்போனே சற்றுக் குறைவு, புரதம் மிகுந்த ரிக்கோட்டா சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அமெரிக்காவின் மாவு நிறுவனமான கிங் ஆர்தரின் எடைப் பட்டியல் கிரீம் சீஸ், மஸ்கார்போனே, ரிக்கோட்டா மூன்றுக்கும் ஒரே எண்ணாக 227 கிராம் போட்டிருக்கிறது. 8 அவுன்ஸ் என்று வட்டமாக வரட்டும் என்ற ஏற்பாடுதான். கேக் செய்கிறவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. கைவசம் பட்டியல் எதுவும் இல்லாதபோது வழவழப்பான சீஸுக்கு மில்லி எத்தனையோ கிராமும் அத்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 மில்லிக் கப் என்றால் 240 கிராம். நாலைந்து சதவீதத்துக்குமேல் தவறாது.

தவறுகிற இடம் ஒன்று உண்டு. அடித்து நுரைக்க வைத்து விற்கும் கிரீம் சீஸ். டப்பாவைப் பார்த்தால் சாதாரண கிரீம் சீஸ் டப்பா மாதிரியே இருக்கும். அமெரிக்கப் பட்டியலில் இதற்கு ஒரு டேபிள்ஸ்பூன் 10 கிராம்தான். சாதாரணமானது 14.5. மூன்றில் ஒரு பங்கு காற்று. நாலு கப் கேட்கும் சீஸ்கேக்கில் இதைக் கப்பால் அளந்து போட்டால் 928 கிராம் போக வேண்டிய இடத்தில் 640 கிராம்தான் போயிருக்கும். ஐஸ்கிரீமில் காற்றை விற்பதற்கு நம் நாட்டில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும். ஐஸ்கிரீமைக் கொள்ளளவில் விற்பதால் அந்த வரம்பு தேவைப்படுகிறது. சீஸை எடையில் விற்கிறார்கள் என்பதால் கடையில் நமக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வருவது நாமே வீட்டில் கப்பை எடுத்து அளக்கும்போதுதான்.

அடுத்தது ரிக்கோட்டா, காட்டேஜ் சீஸ் வகை. இங்கே காற்றோடு தண்ணீரும் சேர்ந்து விளையாடுகிறது. அமெரிக்க டப்பா ரிக்கோட்டா வழவழப்பாக, நீர் கோத்து இருக்கும். கப்புக்கு 246 கிராம் என்கிறது அரசுப் பட்டியல். மேலே செய்த கணக்கையே இதற்கும் போட்டால் 245 வருகிறது. அதாவது கிட்டத்தட்ட காற்றே இல்லை. இத்தாலியக் கடைகளில் சிறு கூடையில் வடியவிட்டு விற்கும் ரிக்கோட்டா அப்படியில்லை. அது கூடையின் வரி பதிந்த கட்டியாக நிற்கும். கரண்டியால் எடுத்தால் பொலபொலவென்று உடையும். கப்பில் போட்டால் இடுக்குகள் விழும். அதே பெயர், கப்புக்குக் கிராம் குறைவு, ஆனால் கிராமுக்குள் சீஸ் அதிகம், தண்ணீர் குறைவு. டப்பா ரிக்கோட்டாவை நினைத்து எழுதிய செய்முறைக்குக் கூடை ரிக்கோட்டாவை எடை சரியாகப் போட்டாலும் மாவு இறுகும். தலைகீழாகச் செய்தால் தளரும். எடைக்கு மாற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருக்க முடியாத இடம் இது.

காட்டேஜ் சீஸில் இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்கப் பட்டியல் சிறு கட்டி உள்ளதற்குக் கப்புக்கு 225 கிராம், பெரிய கட்டி உள்ளதற்கு 210 கிராம் என்று பிரித்தே போடுகிறது. இரண்டும் அமுக்காமல் அளந்தவை. கட்டி பெரிதானால் இடுக்கும் பெரிது. அந்த நாட்டு விதிப்படி காட்டேஜ் சீஸில் 80 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். கிரீம் சீஸில் 55 சதவீதத்துக்குமேல் கூடாது, கொழுப்பு 33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டு வரம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்: ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே எடைக்குப் போடு என்று சொல்கிற "ஆரோக்கிய" செய்முறைகள் ஏன் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கின்றன என்று புரியும்.

வடிப்பது பற்றி ஒரு சொல். "ரிக்கோட்டா 1 கப், வடித்தது" என்று எழுதியிருந்தால் வடித்தபின் ஒரு கப்பா, ஒரு கப்பை எடுத்து வடிக்க வேண்டுமா? நல்ல நூல்கள் இதில் கவனமாக இருக்கும். பெரும்பாலான செய்முறைகள் இருக்காது. மெல்லிய துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டால் டப்பா ரிக்கோட்டாவிலிருந்து கண்ணால் பார்க்கும்படியான தண்ணீர் கிண்ணத்தில் இறங்கியிருக்கும். எந்தப் பட்டியலாலும் அந்தத் தண்ணீரின் எடையை உங்களுக்குச் சொல்ல முடியாது. டப்பாவுக்கு டப்பா அது மாறும். தராசு வைத்திருப்பவர் வடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டால், அடுத்த தடவை எவ்வளவு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இனி உதிர்ப்பவை. ஃபெட்டா, மென்மையான ஆட்டுப்பால் சீஸ், நம் பன்னீர். ஃபெட்டா உதிர்த்தது ஒரு கப் 150 கிராம் என்கிறது அமெரிக்க அரசுப் பட்டியல். 113 கிராம் என்கிறது கிங் ஆர்தர் பட்டியல். மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். இதில் யார் சரி என்று கேட்பதில் பயனில்லை. இடுக்கே இல்லாமல் கட்டியாக இருந்தால் ஒரு கப் ஃபெட்டா 250 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். 150 என்றால் கப்பில் பத்தில் ஆறு பங்கு சீஸ், நாலு பங்கு காற்று. இது தற்செயலாக வந்த எண்ணும் அல்ல. ஒரே அளவு உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் கொட்டி எப்படிக் குலுக்கினாலும் அவை 60 முதல் 64 சதவீத இடத்துக்குமேல் நிரப்புவதில்லை என்பது இயற்பியலில் நன்றாகத் தெரிந்த சங்கதி. ஃபெட்டாத் துண்டுகள் உருண்டையும் இல்லை, ஒரே அளவும் இல்லை. ஈரப்பசையால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் கட்டி நிற்பதால் சில நேரம் இன்னும் குறைவாகவே நிரப்பும். அப்போதுதான் 113 வருகிறது. கொஞ்சம் அமுக்கினால் 180-க்கும் போகும்.

இதை அழகாகக் காட்டும் எண்கள் அதே அரசுப் பட்டியலில் பிரீ சீஸுக்கு இருக்கின்றன. துண்டு போட்ட பிரீ ஒரு கப் 144 கிராம். உருக்கிய பிரீ ஒரு கப் 240 கிராம். சீஸ் ஒன்றுதான், உருகியதும் இடுக்கு மூடிவிட்டது. 144-ஐ 240-ஆல் வகுத்தால் மறுபடியும் 0.6. ஃபெட்டாவில் வந்த அதே பத்தில் ஆறு பங்கு. துண்டுகளாக்கிய மென்மையான சீஸ் எதற்கும், வேறு எண் கிடைக்காதபோது, கப்பின் மில்லியில் அறுபது சதவீதம் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். தோராயம் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. சாலட்டின் மேல் தூவும் ஃபெட்டாவுக்கு இதுகூடத் தேவையில்லை. "ஒரு கப் உதிர்த்த ஃபெட்டா" என்று எழுதிய சமையல்காரர் மனதில் இருந்தது எண் அல்ல, ஒரு கைப்பிடி தாராளம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, எந்தப் பட்டியலை நம்புவது என்று கேட்டால் என் விடை: கையில் இருக்கும் டப்பாவை. அமெரிக்கச் சட்டப்படி உணவுச் சிட்டையில் ஒரு பரிமாறும் அளவைக் கப்பிலோ ஸ்பூனிலோ சொல்லி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் கிராமையும் போட வேண்டும். ரிக்கோட்டா டப்பாவில் கால் கப், 62 கிராம் என்று இருக்கும். நாலால் பெருக்கினால் 248. காட்டேஜ் சீஸில் அரைக் கப், 113 கிராம்; ஒரு கப்புக்கு 226. அந்த நிறுவனம் தன் சரக்கையே அளந்து போட்ட எண் என்பதால் எந்த நூலின் பொதுப் பட்டியலைவிடவும் இது கிட்டத்தில் இருக்கும். இரண்டு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இந்தக் கப் 240 மில்லிக் கப். அடுத்தது, கிராம் எண் முழு எண்ணாக்கப்பட்டது. கால் கப்பிலிருந்து பெருக்கினால் தவறு அதிகம் போனால் இரண்டு கிராம். ஆனால் 2 டேபிள்ஸ்பூன் 31 கிராம் என்று போட்டிருக்கும் கிரீம் சீஸை எட்டால் பெருக்கிக் கப்புக்குக் கொண்டுவரும்போது 248 வருகிறது. உண்மையில் அது 244-இலிருந்து 252 வரை எதுவாகவும் இருக்கலாம். பெரிய அளவிலிருந்து சிறியதற்குப் போவது பாதுகாப்பு. சிறியதிலிருந்து பெரியதற்குப் போனால் தவறும் கூடவே வளரும்.

நம் நாட்டு டப்பாக்களில் சத்து விவரம் பெரும்பாலும் நூறு கிராமுக்கு என்றுதான் இருக்கும். கப் கணக்கு அபூர்வம். ஆனால் இங்கே வேறு வழி உண்டு. 200 கிராம் டப்பாவை அப்படியே அளவுக் கப்பில் வழித்துப் போட்டு, எதுவரை வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்த நிறுவனத்தின் சீஸுக்கு அதுதான் உங்கள் பட்டியல். வழிக்கும்போது டப்பாவிலும் கப்பிலும் கரண்டியிலும் ஒட்டிக்கொள்ளும் சில கிராம் வேறு கணக்கு. தராசில் கிண்ணத்தை வைத்து எண்ணைச் சுழியாக்கிவிட்டு நேராகப் போட்டால் இந்த ஒட்டல் தொல்லையும் இல்லை, கப்பைத் தேய்த்துக் கழுவும் வேலையும் இல்லை. மின் தராசு இன்று ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ரோஸ் லெவி பெரன்பாம் 1988-இல் தன் கேக் நூலில் கப்போடு எடையையும் சேர்த்து அச்சிட்டபோது அமெரிக்க வீடுகளில் தராசு அபூர்வமாக இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது.

செய்முறை எழுதுகிறவர்கள் கப்பில் எழுதினாலும் உண்மையில் அவர்கள் அளப்பது டப்பாவை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் ஊரில் வில்லியம் லாரன்ஸ் 1870-களில் செய்யத் தொடங்கிய கிரீம் சீஸ்தான் பிறகு பிலடெல்பியா என்ற பெயரில் உலகத்துக்குப் போனது. பிலடெல்பியா நகரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் அது தகடு சுற்றிய 8 அவுன்ஸ் கட்டி. சீஸ்கேக் செய்முறை நாலு கட்டி என்று ஏன் சொல்கிறது? அளந்து பார்த்து அல்ல; கட்டியை உடைக்காமல் தீர்க்க வேண்டும் என்பதற்காக. 227 கிராம் கட்டி ஏறத்தாழ ஒரு கப் என்பது வசதியாக அமைந்துவிட்டது.

மஸ்கார்போனேயில் இந்த வசதி வேறு மாதிரி ஆகிறது. இத்தாலியில் டப்பா 250 அல்லது 500 கிராம். திராமிசு என்ற இத்தாலிய இனிப்பின் செய்முறை 500 கிராம் என்று இருக்கும். அது அமெரிக்காவுக்குப் போனால் 8 அவுன்ஸ் டப்பா இரண்டு, 454 கிராம். முட்டையும் சர்க்கரையும் அப்படியே இருக்க மஸ்கார்போனே மட்டும் 9 சதவீதம் குறைந்துவிட்டது. அங்கிருந்து ஒருவர் "2 கப்" என்று எழுதுகிறார். அதை ஆஸ்திரேலியாவில் ஒருவர் 250 மில்லிக் கப்பில் அளக்கிறார். ஏறத்தாழ 490 கிராம். சுற்றி வந்து மறுபடி இத்தாலிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ரிக்கோட்டாவில் நிலைமை அவ்வளவு அதிர்ஷ்டமில்லை. அமெரிக்க டப்பா 15 அவுன்ஸ், 425 கிராம். பலர் அதை "2 கப்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். 246 கிராம் கணக்கில் அது ஒன்றேமுக்கால் கப்தான்.

இந்த வித்தியாசங்களெல்லாம் தட்டில் தெரியுமா? சில பதார்த்தங்களில் தெரியும், பலவற்றில் தெரியாது. லசான்யாவின் அடுக்குக்குள் போகும் ரிக்கோட்டாவில் ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சுட்ட சீஸ்கேக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 907 கிராமுக்குப் பதில் 250 மில்லிக் கப்பில் நாலு அளந்தால் 980 கிராம். 8 சதவீதம் கூடுதல். முட்டை எண்ணிக்கை மாறவில்லை என்பதால் நடுப்பகுதி இறுகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நுரைக்க வைத்த சீஸில் குறைந்த முப்பது சதவீதத்தை அது பொறுக்காது. கேக்கின் மேல் பூசும் கிரீம் சீஸ் பூச்சு இன்னும் கறார். வெண்ணெயும் சர்க்கரையும் தாங்கிப் பிடித்தால்தான் அது நிற்கும்; சீஸ் கூடினால் தண்ணீரும் கூடி வழியத் தொடங்கும். வழிகிறதே என்று சர்க்கரையைக் கொட்டினால் அதைக் கரைத்துக்கொண்டு இன்னும் இளகும். பூச்சுக்கு மட்டுமாவது தராசை எடுங்கள். ரிக்கோட்டாவோடு மாவு சேர்த்துப் பிசைந்து செய்யும் ஞோக்கி என்ற இத்தாலியப் பதார்த்தத்துக்கு எடையைவிட ஈரம்தான் முக்கியம். மாவைச் செய்முறை சொன்ன அளவுக்குப் போடாமல் கைக்கு ஒட்டாத பதம் வரும்வரை போடுவதுதான் வழி, நம் வீடுகளில் கொழுக்கட்டைக்கு மாவு பிசைவது போல.

குறைந்த கொழுப்பு என்று விற்கும் சீஸில் கிராமுக்குக் கிராம் சரியாக இருந்தும் பதார்த்தம் கெடும். இங்கிலாந்துச் செய்முறைகளில் "மென்மையான சீஸ்" என்று மட்டும் போட்டுவிட்டு, முழுக் கொழுப்பா குறைந்ததா என்று சொல்லாமல் விடுவதுண்டு. இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கப்பிலும் எடையிலும் வித்தியாசம் தெரியாது. கொழுப்பு போன இடத்தைத் தண்ணீர் பிடித்திருப்பது அடுப்பில் வைத்தபின்தான் தெரியும்.

இங்கே கிரீம் சீஸ் விலை கட்டுப்படியாகாதவர்கள் துணியில் தொங்கவிட்ட கெட்டித் தயிரையோ, அரைத்த பன்னீரையோ போடுகிறார்கள். கப்புக்குக் கப் போட்டாலும் எடைக்கு எடை போட்டாலும் தொங்கவிட்ட தயிரில் கொழுப்பு கிரீம் சீஸில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான், புளிப்பும் கூடுதல். கொஞ்சம் வெண்ணெயோ கெட்டி கிரீமோ சேர்த்து அரைத்தால் ஓரளவு கிட்டே வரும். பன்னீருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, தண்ணீர் 60 சதவீதத்துக்குமேல் கூடாது. தண்ணீர் போக மீதியில் பாதியாவது கொழுப்பு இருக்க வேண்டும். அரைத்த பன்னீருக்கு வழவழப்பான சீஸின் கணக்கே பொருந்தும்: மில்லிக்கு ஒரு கிராமுக்கு மேல் சற்று. துண்டு போட்ட பன்னீருக்கு அறுபது சதவீதக் கணக்கு. 200 கிராம் பாக்கெட்டைச் சிறு சதுரங்களாக வெட்டினால் 240 மில்லிக் கப்பில் சுமார் 150 கிராம்தான் உட்காரும். மீதி ஐம்பது கிராம் பலகையில் நிற்கும். "பன்னீர் 2 கப்" என்று கேட்கும் செய்முறைக்கு ஒன்றரை பாக்கெட் போதும். துருவிப் போடுவதாக இருந்தால் துருவலின் பருமனைப் பொறுத்து அதுவும் மாறும். அங்கே கப்பை விட்டுவிட்டுப் பாக்கெட்டையே அளவாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.